அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்காட்சிகளிலும் சந்தைகளிலும் உணவு விற்கும் வண்டிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் சில வாரங்களாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மைதானத்து ஓரச் சாக்கடையில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த வாசகர் ஒருவர் மனம் கொதித்து எழுதியிருந்தார். இந்த வண்டிகளை மைதானத்துக்குள் விடவே கூடாது என்று இன்னொருவர் எழுதினார். இருவர் மீதும் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கண்ணில் பட்டது உண்மைதான். ஆனால் நான் 19 வருடமாக அப்படி ஒரு வண்டி நடத்துகிறவள். வண்டிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்று உள்ளே நிற்கும் எனக்குத் தெரியும். அதை எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

எட்டு வருடத்துக்கு முன்பு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நான்கு நாள் கண்காட்சி. எங்கள் வண்டியில் நான், என் கணவர், உதவிக்கு ஒரு தம்பி என்று மூன்று பேர். இரண்டாம் நாள் மதியம் மூன்றரை மணி இருக்கும், கூட்டம் நெருக்கியடித்தது. அந்தத் தம்பி பச்சை இறைச்சியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கையை இடுப்பில் செருகியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு, அதே கையால் வெந்ததை எடுத்துப் பொட்டலம் கட்டினான். கை கழுவாமல் எதையும் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். சொன்னால் கேட்கிற பிள்ளைதான். "ஏன்டா இப்படிச் செய்யுற?" என்று கேட்டேன். "அக்கா, அழுக்குத் தண்ணி டேங்க் நிறைஞ்சுபோச்சு. கழுவினா சிங்க்ல தண்ணி நிக்குது" என்றான்.

அவன் சோம்பேறியில்லை. சுத்தம் தெரியாதவனும் இல்லை. கழுவிய தண்ணீர் போக வழியில்லாததால் கழுவுவதை விட்டுவிட்டான். அன்று காலையிலேயே என் கணவர் போய், அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று ஏற்பாட்டாளரின் ஆளைக் கேட்டிருந்தார். அவர் கையை மைதானத்தின் பின்பக்கமாக வீசி, "அங்கே எங்கேயாவது ஊற்றிக்கொள்ளுங்கள்" என்றார். அங்கே இருந்தது ஒரு மழைநீர் வடிகால். எங்களுக்கு முன்னால் வந்த வண்டிக்காரர்கள் ஊற்றியதில் அது ஏற்கெனவே வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. மனசு ஒப்பாமல் வண்டிக்குத் திரும்பினோம், மூன்றரை மணிக்கு டேங்க் நிறைந்தது. சாயங்காலம் வேறு வழியில்லாமல் நாங்களும் அங்கேதான் ஊற்றினோம். உங்கள் வாசகர் பார்த்த சாக்கடையில் என் பங்கும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. அதை மறைக்க நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அன்றிரவு தூங்காமல் ஒரு கணக்குப் போட்டேன். எந்த விதிமுறைத் தாளிலும் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை, அதனால் இங்கே தருகிறேன். குழாயை மெல்லத் திறந்து கையை நனைத்து, மூடிவிட்டுச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, மறுபடி திறந்து அலசினால் ஒரு தடவைக்கு அரை லிட்டர் தண்ணீர் ஆகிறது. அளவு ஜாடியை வைத்துப் பலமுறை அளந்து பார்த்தேன். இதைவிடக் குறைத்தால் சோப்பு கையிலேயே தங்கிவிடுகிறது. காசைத் தொட்ட பிறகு, பச்சை இறைச்சியோ முட்டையோ தொட்ட பிறகு, குப்பை மூடியைத் தொட்ட பிறகு, தலையைச் சொறிந்த பிறகு என்று ஒழுங்காகக் கழுவினால் ஓர் ஆள் மணிக்கு ஆறு தடவையாவது கழுவ வேண்டும். மூன்று பேருக்கு மணிக்கு 9 லிட்டர். பத்து மணி நேரக் கடைக்கு 90 லிட்டர். கரண்டி, தட்டு, வெட்டும் பலகை கழுவ இன்னொரு 40 லிட்டர். ஆக மொத்தம் 130 லிட்டர். என் வண்டியின் அழுக்குத் தண்ணீர் டேங்க் 60 லிட்டர்தான். இதைவிடப் பெரிதாக வைத்தால் வண்டியின் பாரம் தாங்காது. காலை 11 மணிக்குக் கடை திறந்தால் மூன்றரைக்கு நிறையத்தான் செய்யும்.

நிறைந்ததைக் காலி செய்ய வேண்டுமானால் 60 கிலோ எடையுள்ள தண்ணீரைத் தூக்க வேண்டும். 20 லிட்டர் கேனில் மூன்று நடை. ஊற்றுமிடம் 50 மீட்டரில் இருந்தால் பத்து நிமிட வேலை. முந்நூறு மீட்டர் தள்ளி, கூட்டத்துக்குள் புகுந்து போக வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் ஓர் ஆள் கடையில் இருக்க மாட்டார். வியாபாரம் உச்சத்தில் இருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தை யார் விடுவார்கள்? விடமாட்டார்கள். அதற்குப் பதிலாகக் கழுவுவதைக் குறைத்துக்கொள்வார்கள். யாரும் இதைத் திட்டம் போட்டுச் செய்வதில்லை, தன்னால் நடக்கிறது. முதலில் அலசும் நேரம் குறையும். அப்புறம் சோப்பு போகும். கடைசியில் துணி வரும்.

அந்தத் துணி பற்றி ஒரு வார்த்தை. ஈரமாக, வெதுவெதுப்பாக, உணவுத் துணுக்கோடு இருக்கும் துணியைவிடக் கிருமிக்கு நல்ல வீடு கிடையாது. சூடும் ஈரமும் தீனியும் தோதாக அமைந்தால் பல பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒன்று நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். காலையில் எடுத்த துணி மாலையில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கையுறை போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கையுறையோடு பச்சை இறைச்சியைத் தொட்டுவிட்டு, அதே கையுறையோடு காசு வாங்கி, அதே கையுறையோடு உணவைப் பொட்டலம் கட்டுகிறவரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையுறை பாதுகாத்தது அவர் தோலை மட்டும்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோயில் விழுகிறார்கள். 4,20,000 பேர் இறக்கிறார்கள். அதில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கண்காட்சிக்கு யார் வருகிறார்கள்? குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். என் வண்டியின் முன்னால் நிற்கும் கூட்டத்தில் பாதி என் இடுப்பு உயரம்கூட இருக்காது.

கழிவுநீரையும் உணவுப் பாதுகாப்பையும் இரண்டு தனி விஷயமாகப் பார்ப்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர் என்று நினைக்கிறேன். ஒன்றைத் துப்புரவுப் பிரிவு பார்க்கிறது, இன்னொன்றை உணவுப் பிரிவு பார்க்கிறது. வண்டிக்குள் அப்படி இரண்டு கிடையாது. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோய் அந்தத் தெருவின் அடிகுழாய்த் தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டுபிடித்தார், குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிற்பாடு தோண்டிப் பார்த்ததில், அந்தக் குழாய்க்குத் தண்ணீர் தந்த கிணற்றுக்கு மூன்றடிகூடத் தள்ளியிராத ஒரு கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. வயிற்றுப்போக்கில் கிடந்த தன் கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை ஒரு தாய் அந்தக் குழியில்தான் ஊற்றியிருந்தார். 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தாயை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நோயாளிக் குழந்தையின் துணியைத் துவைத்துச் சுத்தமாக வைக்கத்தான் அவர் பார்த்தார். அழுக்குத் தண்ணீரை ஊற்ற அவருக்குக் கிடைத்த இடம் தப்பான இடமாகிவிட்டது.

எண்ணெய்க் கதை வேறு மாதிரி. தண்ணீரையாவது எங்கேயாவது ஊற்றினால் மண் கொஞ்சம் குடிக்கும். எண்ணெயை எதுவும் குடிக்காது. சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி ஓடிப்போய், குழாய்க்குள் ஆறியதும் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வருகிற கொழுப்பு அதன் மேல் ஒட்டும். டிஷ்யூ தாளும் ஈரத் துடைப்பான்களும் அதில் சிக்கி இறுகும். அதே லண்டனில், 2017-ல் வொயிட்சேப்பல் பகுதிப் பாதாளச் சாக்கடையில் இப்படி இறுகிய ஒரு கொழுப்புக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. ஆட்கள் இறங்கி வாரக்கணக்கில் உடைத்து எடுத்தார்கள். ஒரே இரவில் யாரோ ஒரு லாரி எண்ணெயைக் கொட்டியதால் வந்ததில்லை அது. சட்டி சட்டியாக, கிண்ணம் கிண்ணமாகச் சேர்ந்தது.

இவ்வளவுக்கும் பழைய எண்ணெய் குப்பையே இல்லை. அதிலிருந்து வாகனங்களுக்கான பயோடீசல் தயாரிக்கிறார்கள். ஆற வைத்து, வடிகட்டி, மூடியுள்ள கேனில் ஊற்றி வைத்தால் எடுத்துப்போக ஆள் இருக்கிறார்கள். மைதானத்தில் ஒரே ஒரு பொது டிரம் வைத்து, அதன் மேல் பெரிய எழுத்தில் "பழைய எண்ணெய்" என்று எழுதினால் போதும். அது இல்லாத இடத்தில் எண்ணெய் எங்கே போகிறது தெரியுமா? முழுவதும் சாக்கடைக்குப் போனால்கூட ஒரு வகையில் பரவாயில்லை என்பேன். பாதி மறுநாள் சட்டிக்குப் போகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, குறைந்த சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும். அதற்குள் போலார் சேர்மங்கள் என்று சொல்லும் சிதைவுப் பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அளக்கும் கருவி ஒன்றை நான்கு வருடத்துக்கு முன்பு வாங்கினேன். அது வரும் வரை நான் நிறத்தையும் நுரையையும் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தேன். பார்வைக்குத் தெளிவாக இருந்த எண்ணெய் ஒரு தடவை கருவியில் எல்லையைத் தாண்டிக் காட்டியது. கண்ணை நம்புவதை அன்றோடு விட்டேன்.

மீதமான உணவுக்கும் இதே கதைதான், இதில்தான் எனக்குப் பயம் அதிகம். இரவு கடை மூடும்போது ஒரு பெரிய பாத்திரத்தில் கால் பங்கு சோறு மிஞ்சியிருக்கும். குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது. குப்பை வண்டி காலையில்தான் வரும். அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் நாயும் எலியும் இழுக்கும், ஈ முட்டையிடும். வெயில் காலத்தில் அந்த முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். கொட்டியவர் யார் என்று காலையில் சண்டை வரும். அதனால் பாத்திரத்தை மூடி வண்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். காலையில் அதைப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். வாடை இருக்காது. சூடு பண்ணினால் ஆவி பறக்கும்.

ஆனால் வெந்த சோற்றிலும் சாகாத ஒரு கிருமி இருக்கிறது, பேசில்லஸ் செரியஸ் என்று பெயர். அது விதை மாதிரி ஒரு கூட்டுக்குள் இருந்துகொண்டு கொதிநிலையைத் தாண்டிவிடும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்து, பெருகி, நஞ்சைச் சுரக்கும். அந்த வாந்தி நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. கையிலுள்ள புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் இறங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் அப்படித்தான். "நல்லா கொதிக்க வெச்சுட்டேன், இனிமே பயமில்லை" என்று எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புகிறோம். நானும் பத்து வருடம் நம்பினேன். கிருமி செத்திருக்கும், அது விட்டுப்போன நஞ்சு அங்கேயே இருக்கும்.

ஐந்து டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவைக் கிடக்க விடாதே, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சூட்டில் வைக்காதே, உள்ளே 70 டிகிரி எட்டும்வரை வேகவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து அம்ச வழிகாட்டலில் இவை எல்லாம் இருக்கின்றன. அதைச் சுவரொட்டியாக அவர்கள் வெளியிட்டது 2001-ல். எனக்குத் தெரிய வர அதற்குப் பிறகு பல வருடம் ஆனது. இப்போது வண்டியில் ஊசி முனை வெப்பமானி ஒன்று கட்டித் தொங்குகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஐஸ் துண்டுகள் நிறைந்த தண்ணீரில் அதைச் செருகிப் பார்ப்பேன். பூஜ்ஜியம் காட்டினால் நம்பலாம். மிஞ்சியதை ஆழமான பாத்திரத்தில் அப்படியே விட்டால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்கில் ஆகும். அதனால் அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஐஸ் மேல் வைத்து ஆற்றி, ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவோம். இவ்வளவும் செய்த பிறகு இரவு 11 மணிக்கு மைதானத்து ஜெனரேட்டரை நிறுத்திவிட்டால்? நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது உள்ளே 17 டிகிரி. அவ்வளவையும் கொட்டினேன். கொட்ட அன்றும் இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விதிகள் இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றன. இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது நான்கு பக்கத் தாள் ஒன்று தருவார்கள். கையெழுத்துப் போடாமல் இடம் கிடையாது. கழிவுநீரை வடிகாலில் விடக் கூடாது. எண்ணெயைத் தரையில் கொட்டக் கூடாது. குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும். ஊழியர்கள் கை கழுவ வேண்டும். ஒவ்வொரு வரியும் சரியான வரி, எதிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வடிகாலில் விடாமல் எங்கே விடுவது என்பதற்கு நான்கு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. அபராதத் தொகைக்குக் கட்டம் இருக்கிறது, ஊற்றுமிடத்துக்கு இல்லை. ஏற்பாட்டாளரின் கடமை என்று தனியாக ஒரு தலைப்பை நான் இந்த 19 வருடத்தில் இரண்டே தாள்களில்தான் பார்த்திருக்கிறேன்.

மற்ற இடங்களில் இதை யோசிக்காமல் இல்லை. உணவு வண்டியின் அழுக்குத் தண்ணீர் டேங்க், நல்ல தண்ணீர் டேங்க்கைவிட 15 சதவீதமாவது பெரிதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு விதித் தொகுப்பு சொல்கிறது. எளிய யோசனைதான், உள்ளே வந்த தண்ணீர் முழுவதும் வெளியேறிப் போகிற வரைக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963-ல் தொடங்கிய, உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம், தெருவோர உணவுக்கென்றே உலகின் பல பகுதிகளுக்குத் தனித்தனி வழிகாட்டு விதிகள் எழுதியிருக்கிறது. ஆசியாவுக்கானது 2017-ல் வந்தது.

நான் கேட்பது என்னவென்றால், மைதானத்தில் கடைகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்னால் வரைபடத்தில் நான்கு புள்ளிகள் வைக்கட்டும். நல்ல தண்ணீர் பிடிக்கும் குழாய், அழுக்குத் தண்ணீர் ஊற்றும் இடம், எண்ணெய் டிரம், மூடியுள்ள குப்பைத் தொட்டி. அதற்குப் பிறகு கடைகளுக்கு இடம் ஒதுக்கட்டும். இப்போது கடைகளை முதலில் நிரப்பிவிட்டு, மீதி மூலையில் தொட்டியை வைக்கிறார்கள். ஊற்றுமிடம் எந்த வண்டியிலிருந்தும் நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இது நான் கேன் தூக்கிய தோள் சொல்லும் கணக்கு.

ஊற்றுமிடம் என்றால் வெறும் குழியில்லை. பாதாளச் சாக்கடை இருந்தால் அதோடு இணைக்கலாம், ஆனால் நடுவே எண்ணெய்ப் பிரிப்பான் தொட்டி வேண்டும். அதில் தண்ணீர் மெதுவாக நகரும், கொழுப்பு மேலே மிதந்து நின்றுவிடும், தெளிந்த தண்ணீர் அடியிலிருந்து வெளியேறும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாலோ, சோப்புத் தூளை அள்ளிக் கொட்டினாலோ கொழுப்பும் கரைந்து கூடவே போய்விடும் என்பதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பாதாளச் சாக்கடை இல்லாத மைதானம் என்றால் மூடிய டேங்க் வைத்து லாரியில் உறிஞ்சி எடுத்து, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பட்டும். மழைநீர் வடிகாலைச் சாக்கடை என்று நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் போகும் தண்ணீர் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஏரிக்கோ ஆற்றுக்கோதான் போகும்.

தொட்டிகளை நாளுக்கு இரண்டு முறையாவது காலி செய்ய வேண்டும், அதில் ஒன்று இரவுக் கடை மூடிய பிறகு. ஈரக் கழிவையும் காகிதத்தையும் பிரிக்கச் சொல்கிறார்கள், செய்கிறோம். அப்புறம் இரண்டையும் ஒரே லாரியில் கொட்டுவதைப் பார்த்தால் என் உதவிப் பையனுக்கு நான் என்ன சொல்வது? 'மக்கும்' என்று அச்சடித்த கோப்பைகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் பலவும் பாலிலாக்டிக் அமிலம் என்ற, தாவரத்திலிருந்து எடுக்கும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கால் செய்தவை. தொழிற்சாலை அளவிலான உரக்கூடத்தில் 60 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் அவை ஒழுங்காக மக்கும். அப்படி ஓர் உரக்கூடத்துக்கு அனுப்ப ஏற்பாடு இல்லாமல், கடைக்காரர் அந்தக் கோப்பையைத்தான் வாங்க வேண்டும் என்று விதி போடுவது, அவரிடம் கூடுதல் காசு வாங்கி மண்ணில் புதைப்பதற்குச் சமம். சாதாரணக் காகிதக் கோப்பையிலும் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. கழுவி மறுபடி பயன்படுத்தும் தட்டு நல்லதுதான், ஆனால் அதற்கும் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் போகவும் இடம் வேண்டும். மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன்.

எங்களுக்கும் கடுமையான விதி வேண்டும், தப்பித்துக்கொள்ள எழுதவில்லை. வெப்பமானி இல்லாத வண்டியை உள்ளே விடக் கூடாது. சூட்டளவை மணிக்கொரு முறை எழுதிய நோட்டு இல்லாதவருக்கு மறுநாள் அனுமதி தரக் கூடாது. பாத்திரத்தைத் துடைத்து, சோப்பால் கழுவி, அலசி, அதற்குப் பிறகுதான் குளோரின் தண்ணீரில் முக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு நேராகக் குளோரினில் போட்டால் குளோரின் அந்த அழுக்கோடே வினைபுரிந்து தீர்ந்துபோய்விடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. இதைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உரிமம் தரலாம். வாந்தி, பேதி வந்த ஊழியர் அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை உணவைத் தொடக் கூடாது என்பது பல நாடுகளில் இருக்கும் நடைமுறை. ஆனால் இந்த விதியை நிஜமாகக் கடைப்பிடிக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு நாள் கூலியையும் கொடுக்க வேண்டும். கூலி போய்விடும் என்றால் எந்தப் பிள்ளையும் வயிறு சரியில்லை என்று வாய் திறக்க மாட்டான். நாங்கள் ஆறு வருடமாகக் கொடுக்கிறோம். முதல் வருடத்திலேயே இரண்டு பேர் வந்து சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒருவர்கூடச் சொன்னதில்லை, அப்படியென்றால் அதற்கு முன்னால் யாருக்கும் வயிறு கெட்டதே இல்லையா?

சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். காலை 10 மணிக்கு வருகிறீர்கள். அப்போது எல்லா டேங்க்கும் காலி, எல்லாத் துணியும் வெள்ளை, எல்லாக் கையும் சுத்தம். மாலை 4 மணிக்கு வாருங்கள். வந்ததும் சிங்க் குழாயைத் திறந்து, தண்ணீர் வடிகிறதா நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த வண்டியில் அன்று மதியத்திலிருந்து கை கழுவினார்களா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்காக ஒன்று. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கண்காட்சிக்குப் போனோம். வண்டியை நிறுத்தியதும் ஒரு பெண் வந்து கையில் வரைபடம் கொடுத்தார். ஊற்றுமிடம் எங்கள் வண்டியிலிருந்து நாற்பது அடி. மூடி போட்ட தொட்டி, பக்கத்தில் கேன் கழுவ ஒரு குழாய், எண்ணெய்க்கு நீல டிரம். ஃப்ரிட்ஜுக்கு இரவு முழுக்கத் தனி மின் இணைப்பு. தண்ணீர்க் குழாயில் குளோரின் அளவைக் காலையும் மாலையும் பட்டைத் தாளால் பார்த்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று பலகையில் எழுதிவைத்தார்கள். அங்கே ஐந்து நாளும் என் உதவிப் பையனிடம் கை கழுவு என்று நான் ஒரு முறைகூடச் சொல்ல வேண்டி வரவில்லை. கடைசி நாள் எங்கள் இடத்தைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தரையில் எண்ணெய்த் துளி இருந்த பக்கத்து வண்டிக்குக் கொடுக்கவில்லை. அவர் முணுமுணுக்கக்கூட இல்லை. இடம் கொடுத்துவிட்டு அல்லவா கேட்கிறார்கள்.

அடுத்த மாதத்துக் கண்காட்சிக்கான விண்ணப்பம் நேற்று வந்தது. அதே நான்கு பக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், "அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்ற வேண்டும் என்று குறித்துத் தரவும்" என்று பேனாவால் எழுதி, பதிலுக்காகக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நடமாடும் உணவு வண்டி நடத்தும் ஒரு வாசகி